சூரிய அலைகளும் அவசரத் தலைப்புகளும்

சூரியனின் வெளி வளிமண்டலம் ஏன் இவ்வளவு கொதிக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாகச் செய்தி வருவது புதிதல்ல. 2007-ல் வந்தது. 2011-ல் வந்தது. 2024-ல் ஒருமுறை வந்தது, 2025 அக்டோபரில் மறுபடியும் வந்தது. தலைப்பில் மர்மம் விலகிவிடும். கீழே எட்டாவது பத்தியில், இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்று ஆய்வாளர் ஒருவர் சொல்லியிருப்பார். அந்த எட்டாவது பத்திதான் உண்மையான செய்தி.

நாம் காணும் சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். இதற்கு ஒளிக்கோளம் என்று பெயர். அதற்கு மேலே நிறக்கோளம், அதற்கும் மேலே கொரோனா. முழுச் சூரிய கிரகணத்தின்போது கறுத்த வட்டத்தைச் சுற்றி வெண்மையாக விரிகிறதே, அதுதான் கொரோனா. அங்கே வெப்பநிலை 10 லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது. இந்தத் தாவல் படிப்படியாக நிகழ்வதும் இல்லை. நிறக்கோளத்துக்கும் கொரோனாவுக்கும் நடுவே ஏறக்குறைய 100 கி.மீ. தடிமன் உள்ள ஓர் இடைப்பகுதியில் வெப்பநிலை செங்குத்தாக ஏறிவிடுகிறது. 14 லட்சம் கி.மீ. விட்டமுள்ள சூரியனில் 100 கி.மீ. என்பது ஒன்றுமே இல்லை.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். ஆகவே கீழே இருக்கும் 5,500 டிகிரி மேலே இருக்கும் 10 லட்சம் டிகிரியைச் சூடாக்க முடியாது. ஆற்றல் வெப்பமாக இல்லாமல் வேறு ஏதோ வடிவில் மேலே ஏறி, அங்கே போய் வெப்பமாக மாற வேண்டும். கேள்வி இவ்வளவுதான்.

தேவைப்படும் ஆற்றலும் பிரமாதம் இல்லை. அமைதியான பகுதிகளில் கொரோனாவைச் சூடாக வைத்திருக்க ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட் போதும். கரும்புள்ளிகளைச் சுற்றிய கொந்தளிப்பான பகுதிகளில் சுமார் 10,000 வாட். சூரியப் பரப்போ சதுர மீட்டருக்கு 6.3 கோடி வாட் ஒளியை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு மேலே போனால்கூடக் கணக்கு நேராகிவிடும். சரக்குக்குப் பஞ்சமில்லை. எது எடுத்துப் போகிறது, எங்கே இறக்குகிறது என்பதில்தான் எண்பது ஆண்டு வாக்குவாதம்.

கொரோனா சூடானது என்று தெரிந்துகொள்ளவே வெகு காலம் பிடித்தது. 1868 ஆகஸ்டில் குண்டூர் வரை வந்து கிரகணம் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன், சூரிய விளிம்பின் நிறமாலையைப் பதிவு செய்தார். அந்தக் கிரகணத்தோடுதான் ஹீலியத்தின் கதை தொடங்குகிறது. மறுஆண்டு, 1869 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவில் தெரிந்த கிரகணத்தில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னெஸ் இருவரும் கொரோனாவின் ஒளியில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். அதன் அலைநீளம் 530.3 நானோமீட்டர். பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது ஒத்துப்போகவில்லை. ஹீலியம் போல இதுவும் புதுத் தனிமம் என்று எண்ணி, ‘கொரோனியம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எழுபது ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் வால்ட்டர் குரோட்ரியானும் சுவீடனின் பெங்ட் எட்லேனும் முடிச்சை அவிழ்த்தார்கள். கொரோனியம் என்று எதுவும் இல்லை. அது நம் ஊர் இரும்புதான். ஆனால் தன் 26 எலெக்ட்ரான்களில் 13-ஐப் பறிகொடுத்த இரும்பு. ஓர் அணுவிலிருந்து சரிபாதி எலெக்ட்ரான்களை உரித்தெடுக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள வெப்பநிலை பத்து லட்சக் கணக்கில் இருந்தாக வேண்டும். ஒரு கேள்விக்கு விடை வந்தது; அதைவிடப் பெரிய கேள்வியோடு வந்தது.

அதே காலத்தில், அதே சுவீடனில், ஹான்னஸ் ஆல்வேன் என்ற 34 வயது இயற்பியலாளர் ‘நேச்சர்’ இதழுக்கு ஒரு பக்கம்கூட நிரம்பாத குறிப்பு ஒன்றை அனுப்பினார். ஆண்டு 1942. மின்சாரத்தைக் கடத்தும் திரவமோ வாயுவோ காந்தப்புலத்துக்குள் இருந்தால், அதில் ஒரு புதுவகை அலை ஓடும் என்பது அவர் வாதம். அன்றைய மின்காந்தவியல் இதை ஏற்கத் தயாராக இல்லை. மின்கடத்திக்குள் மின்காந்த அலை நுழைந்தால் உடனே தேய்ந்துவிடும் என்பது பாடநூல் உண்மை. அப்படி ஓர் அலை இருந்திருந்தால் மேக்ஸ்வெல் கண்டிருக்க மாட்டாரா என்று கேட்டவர்கள் உண்டு. 1948-ல் சிகாகோவில் ஆல்வேன் பேசியதைக் கேட்டு என்ரிக்கோ ஃபெர்மி தலையசைத்தார் என்றும், மறுநாளிலிருந்து எல்லா இயற்பியலாளர்களும் தங்களுக்கு இது முன்பே தெரிந்ததுபோலப் பேசத் தொடங்கினார்கள் என்றும் ஒரு கதை உண்டு. சொன்னவர் ஆல்வேனே என்பதால் கொஞ்சம் உப்பு சேர்ந்திருக்கலாம். மறுஆண்டே பாதரசத்தை வைத்து ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். 1970-ல் அவருக்கு நோபல் பரிசு.

அந்த அலையைப் புரிந்துகொள்ள வீணைத் தந்தி போதும். தந்தியை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு வேகமாக அதில் அதிர்வு ஓடும். தந்தி கனமாக இருந்தால் வேகம் குறையும். சூரியனில் முறுக்கைத் தருவது காந்தப்புலம். கனத்தைத் தருவது பிளாஸ்மா, அதாவது எலெக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து கிடக்கும் வாயு. இந்தப் பிளாஸ்மா காந்தக் கோடுகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோடு அசைந்தால் அதுவும் அசையும். கோட்டின் அடியைப் பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் அந்த அசைவு கோடு நெடுக மேலே போகும். ஒளிக்கோளத்தில் நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுவது, அடர்த்தி அடியோடு குறைந்துவிட்ட கொரோனாவில் நொடிக்கு 1,000 கி.மீ. அளவில் பாய்கிறது.

அடியைப் பிடித்து இழுப்பது யார்? சூரியப் பரப்பு அசையாமல் கிடக்கும் தளம் அல்ல. சுமார் 1,000 கி.மீ. அகலமுள்ள வாயுக் குமிழ்கள் அதில் இடைவிடாமல் எழுந்து, சில நிமிடங்களில் அமிழ்ந்து, பக்கத்துக் குமிழை நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. காந்தக் கோடுகளின் அடிகள் இந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு ஆடுகின்றன. 1947-லேயே ஆல்வேன் இதைச் சொல்லிவிட்டார்: குமிழ்களின் இந்த ஆட்டமே அலைகளாக மேலே ஏறிக் கொரோனாவைச் சூடாக்குகிறது.

ஆனால் அவருக்குப் போட்டி இருந்தது. அதே குமிழ்கள் எழுப்பும் ஒலி அலைகளே போதும் என்றார்கள் லுட்விக் பியர்மன், மார்ட்டின் ஷ்வார்ஸ்சைல்டு முதலியோர். கேட்க எளிமையாக இருந்ததால் இந்தக் கருத்து முப்பது ஆண்டு கோலோச்சியது. 1970-களின் இறுதியில் ஓஎஸ்ஓ-8 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் அளந்து பார்த்தபோது, ஒலி அலைகள் கொரோனா வரை போய்ச் சேரவே இல்லை என்று தெரிந்தது. ஒலி அலை வாயுவை நசுக்கி நசுக்கி முன்னேறுவது. அடர்த்தி குறையக் குறைய அதன் முகடு செங்குத்தாகி, அதிர்ச்சி அலையாக உடைந்து, நிறக்கோளத்திலேயே தன் ஆற்றலை இறைத்துவிடுகிறது.

ஆல்வேன் அலையோ வாயுவை நசுக்குவதில்லை. பக்கவாட்டில் அசைத்துவிட்டுப் போகிறது. அதனால் வழியில் ஆற்றலை அதிகம் இழப்பதில்லை. கொரோனா வரை போய்ச் சேரும் தகுதி அதற்கு உண்டு. எந்தக் குணத்தால் அது பத்திரமாகப் போய்ச் சேருகிறதோ, அதே குணத்தால் போன இடத்திலும் எதையும் கொடுக்க மறுக்கிறது! கொண்டுபோவது வேறு, கொடுப்பது வேறு. சுமையோடு வந்த அலை சுமையோடே கடந்துபோனால் கொரோனாவுக்கு என்ன லாபம்? தலைப்பு எழுதுகிறவர்கள் தவறாமல் கோட்டைவிடும் இடம் இது. அலையைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்திக்குறிப்பு வரும். சூடாவதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று தலைப்பு வரும்.

அலையைக் காண்பதே லேசுப்பட்ட காரியமாக இருக்கவில்லை. 1998 ஜூலையில் டிரேஸ் என்ற செயற்கைக்கோள் படமெடுத்துக்கொண்டிருந்தபோது சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. அருகிலிருந்த கொரோனா வளையங்கள் அந்த அதிர்ச்சியில் இடமும் வலமும் ஊசலாடின. ஒரு வளையத்தின் நீளம் 1,30,000 கி.மீ., ஓர் ஆட்டத்துக்கு எடுத்துக்கொண்ட நேரம் நாலே கால் நிமிடம். ஆட்டத்தின் வேகம் தெரிந்தால் முறுக்கைக் கணக்கிடலாம். முறுக்கு தெரிந்தால் அங்கே காந்தப்புலம் எவ்வளவு என்று சொல்லலாம். கொரோனாவின் காந்தப்புலத்தை நேரடியாக அளப்பது இன்றும் படாதபாடு. நில அதிர்வை வைத்துப் பூமியின் உள்ளே பார்ப்பதைப் போன்ற ஒரு துறையே இதிலிருந்து பிறந்தது. ஆனால் அந்த ஆட்டங்கள் சில சுற்றுகளில் அடங்கிவிட்டன. வெடிப்பு எப்போதாவதுதான் நிகழும். கொரோனா எப்போதும் சூடாக இருக்கிறது.

எப்போதும், எங்கும் ஓடும் அலைகளை 2007-ல் ஸ்டீவன் டாம்சிக் குழுவினர் பார்த்தார்கள். நியூ மெக்சிகோ மலை ஒன்றில், 20 செ.மீ. துளையுள்ள சிறு கருவி. சூரிய வட்டத்தை மறைத்து, செயற்கையாகக் கிரகணத்தை உண்டாக்கி, 13-க்குப் பதில் 12 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு தரும் 1074.7 நானோமீட்டர் அகச்சிவப்புக் கோட்டை அரை நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்தார்கள். வாயு நம்மை நோக்கி வந்தால் கோடு ஒரு பக்கம் நகரும், விலகிப் போனால் மறுபக்கம். திரையில் கொரோனா முழுவதும் ஐந்து நிமிட இடைவெளியில் அசைந்துகொண்டிருந்தது. சூரியப் பரப்பும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்குவது 1960-களிலிருந்து தெரிந்த விஷயம். கீழே நடப்பது மேலே எதிரொலிக்கிறது என்பதற்கு அப்பட்டமான சாட்சி அது.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் அளந்த அசைவு நொடிக்கு அரை கி.மீ.கூட இல்லை. தேவையான ஆற்றலில் அது சொற்பப் பங்கு. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் ஹினோடே விண்கலத்தின் படங்கள் வந்தன. நிறக்கோளத்திலிருந்து ஊசிகளைப் போல எழும் வாயுத் தாரைகள் நொடிக்கு 10 முதல் 25 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தன. அந்த ஆட்டத்தில் இருந்த ஆற்றல் தாராளமாகப் போதும். ஒரு கருவி போதாது என்கிறது, மறு கருவி போதும் என்கிறது. யாரை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் என்று பிறகு தெரிந்தது. கொரோனா ஒளி ஊடுருவிச் செல்லும் அளவுக்கு மெல்லியது. நம் பார்வைக் கோட்டில் முன்னும் பின்னுமாக எத்தனையோ இழைகள். ஒன்று நம்மை நோக்கி வரும்போது இன்னொன்று விலகிப் போகிறது. கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. சிறு தொலைநோக்கி இந்த மிச்சத்தை மட்டுமே காண்கிறது. ஆனால் கழிந்துபோன அசைவுகள் ஒரு தடயத்தை விட்டுச் செல்கின்றன: நிறமாலைக் கோடு இருக்க வேண்டியதைவிட அகலமாக இருக்கிறது. அந்த அகலத்தில் ஒளிந்திருக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 30 கி.மீ. 2011-ல் ஸ்காட் மக்கின்டாஷ் குழு, நாசாவின் எஸ்டிஓ விண்கலப் படங்களை வைத்து, அமைதியான பகுதிகளில் அலைகள் சுமக்கும் ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 வாட் என்று கணக்கிட்டது. தேவைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கொந்தளிப்பான பகுதிகளின் 10,000 வாட்டுக்கு முன்னால் அது எம்மாத்திரம் என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொன்னது.

இதற்கிடையே ஒரு குடுமிப்பிடிச் சண்டையும் நடந்தது. டாம்சிக் பார்த்தது அசல் ஆல்வேன் அலையே அல்ல என்று கோட்பாட்டாளர்கள் சிலர் கொடி பிடித்தார்கள். காந்த இழை முழுதும் ஒன்றாக இடம் வலமாக வளைந்தாடுவது ஒரு வகை. இழை இருந்த இடத்திலேயே தன் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு திரும்புவது இன்னொரு வகை. அதுதான் தூய ஆல்வேன் அலை. முறுக்கலை இழையை இடம் பெயர்ப்பதில்லை, பிரகாசத்தைக் கூட்டுவதுமில்லை. அதனால் படத்தில் அகப்படாது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது வேலையற்ற விவாதமாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு அலைகளும் ஆற்றலைச் சுமக்கும் அளவு வேறு, இழக்கும் விதம் வேறு. கணக்குப் போட வேண்டியவர்களுக்கு இது முக்கியம்.

முறுக்கலையைக் கொரோனாவில் பிடித்ததுதான் 2025 அக்டோபரின் செய்தி. ஹவாயின் ஹலேயாகலா எரிமலை உச்சியில் உள்ள 4 மீட்டர் டேனியல் இனோயே சூரியத் தொலைநோக்கி அதற்குத் தேவைப்பட்டது. உலகிலேயே பெரிய சூரியத் தொலைநோக்கி அது. பிரிட்டனின் நார்தம்பிரியா பல்கலைக்கழக ரிச்சர்ட் மார்ட்டன் குழுவினர் டாம்சிக் பார்த்த அதே இரும்புக் கோட்டைப் பார்த்தார்கள். முறுக்கிக்கொள்ளும் இழையின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகிப் போகும். எனவே ஒரு விளிம்பில் நீலப் பக்க நகர்வும் மறு விளிம்பில் சிவப்புப் பக்க நகர்வும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். மேலோங்கித் தெரியும் ஊசலாட்டத்தைக் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோது அந்தச் சிறு முறுக்கல் மிஞ்சியது. தேவையான ஆற்றலில் பாதியையாவது இந்த அலைகள் சுமக்கலாம் என்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் இதுவும் சுமப்பதைப் பற்றிய செய்திதான்.

கொடுப்பதைப் பற்றிய செய்தி வேறொரு திசையிலிருந்து வந்திருக்கிறது. அதற்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த ஒருவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சூரியனிலிருந்து துகள்கள் காற்றாக வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று 1958-ல் யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை, மதிப்பீட்டாளர்கள் இருவர் நிராகரித்தார்கள். ‘ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ இதழின் ஆசிரியராக இருந்த சுப்ரமணியன் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை ஏதும் காட்ட முடியவில்லை என்பதால் அச்சிட்டார். நாலே ஆண்டுகளில் மரினர்-2 விண்கலம் சூரியக் காற்றை நேரில் அளந்தது. தனக்குப் பிடிக்காத கட்டுரையைத் தவறு காட்ட முடியாததால் வெளியிடும் பத்திரிகை ஆசிரியர்கள் எந்தத் துறையிலும் அபூர்வம்.

பார்க்கரின் பெயரைத் தாங்கிய விண்கலம் 2018 ஆகஸ்டில் புறப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா ஒரு விண்கலத்துக்கு வைத்தது அதுவே முதல்முறை. 91 வயதில் பார்க்கர் அதன் ஏவுதலை நேரில் பார்த்தார். 2021 ஏப்ரல் 28 அன்று, சூரிய ஆரத்தைப் போல 18.8 மடங்கு தொலைவில், அது ஓர் எல்லையைக் கடந்தது. அந்த எல்லைக்கு வெளியே சூரியக் காற்று ஆல்வேன் அலையைவிட வேகமாகப் போகிறது. அங்கிருந்து எந்த அலையும் சூரியனுக்குத் திரும்ப முடியாது. உள்ளே அலைதான் வேகம். மேலும் போகலாம், கீழும் வரலாம். கொரோனாவின் உண்மையான விளிம்பு அது என்று சொல்லலாம். 2024 டிசம்பர் 24 அன்று அதே விண்கலம் சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கியது.

பத்து லட்சம் டிகிரியில் அது எப்படி உருகாமல் தப்பியது என்று கேட்பார்கள். வெப்பநிலை என்பது துகள்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்பதன் அளவு. எத்தனை துகள்கள் வந்து மோதுகின்றன என்பது வேறு கணக்கு. கொரோனாவில் துகள்கள் அவ்வளவு அரிது. விண்கலத்தைச் சுடுவது பெரும்பாலும் கீழிருந்து வரும் ஒளிதான். 11.5 செ.மீ. தடிமனுள்ள கார்பன் கேடயம் 1,400 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. அதன் நிழலில் கருவிகள் ஏறக்குறைய அறை வெப்பநிலையில் இருக்கின்றன.

இந்த விண்கலம் வழியெங்கும் கண்டது, காந்தப்புலம் திடீரென்று திசை மாறி மடங்கித் திரும்பும் வளைவுகளை. பெரிய வீச்சுள்ள ஆல்வேன் அலைகள் என்று அவற்றைக் கொள்ளலாம். 2022 பிப்ரவரியில் ஒரு வாய்ப்பு அமைந்தது. பார்க்கர் விண்கலம் சூரியனுக்கு அருகே ஒரு பிளாஸ்மா நீரோட்டத்தைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து, சுமார் 9 கோடி கி.மீ. தொலைவில் ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் அதே நீரோட்டத்தைக் கடந்தது. யீமி ரிவேரா, சாமுவேல் பேட்மன் குழுவினர் இரண்டு அளவுகளையும் பக்கத்தில் வைத்து வரவு செலவு பார்த்தார்கள். வழியில் காற்றின் வேகம் கூடியிருந்தது. குளிர வேண்டிய அளவுக்கு அது குளிரவுமில்லை. அலைகளில் இருந்த ஆற்றல் குறைந்திருந்தது. குறைந்ததும் கூடியதும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அலைகள் சுமையை இறக்கியதை நேரில் பார்த்த இடம் இது. ஆனால் இதுவும் கொரோனாவைத் தாண்டிய சூரியக் காற்றில்தான். அடிவாரத்தில், அந்த 100 கி.மீ. இடைப்பகுதிக்கு மேலே, என்ன நடக்கிறது என்பதை யாரும் இப்படிக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை.

எப்படி இறக்கியிருக்கும் என்பதற்கு யோசனைகள் பல உண்டு. பக்கத்துப் பக்கத்து இழைகளில் அலைகள் வேறு வேறு வேகத்தில் ஓடினால் கொஞ்ச தூரத்தில் அவற்றின் தாளம் பிசகி, நடுவே உரசல் உண்டாகும். மேலே போகும் அலையில் ஒரு பகுதி பிரதிபலித்துக் கீழே திரும்பினால், எதிரெதிர் அலைகள் மோதிச் சிறு சுழல்களாக உடைந்து, உடைந்தது மறுபடி உடைந்து, கடைசியில் வெப்பமாகும். இன்னொரு பக்கம், அலையே தேவையில்லை என்றும் ஒரு கட்சி உண்டு. 1988-ல் பார்க்கரே அதைத் தொடங்கிவைத்தார்: காந்தக் கோடுகள் பின்னிப் பிணைந்து, இறுகி, அறுந்து மறுபடி ஒட்டும்போது எண்ணற்ற குட்டி வெடிப்புகள் நிகழ்கின்றன, அவற்றின் கூட்டுத்தொகைதான் கொரோனா என்றார். கொந்தளிப்பான பகுதிகளுக்கு அவர் சொன்னதும், அமைதியான பகுதிகளுக்கு ஆல்வேன் சொன்னதும் சரியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே குற்றவாளியைத் தேடும் கதை வாசிக்கச் சுவையாக இருக்கும். சூரியன் அப்படி எழுதப்படவில்லை.

இதில் இந்தியா எங்கே நிற்கிறது? 1909 ஜனவரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளியின் உள்ளிருந்து வெளிப்புறமாக வாயு ஓடுவதைக் கண்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், கரும்புள்ளியில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டிருந்தார். எவர்ஷெட் கண்ட ஓட்டம் அந்தக் காந்தப்புலம் வகுத்த வழியில் நடப்பது என்பது பின்னால் புரிந்தது. 1904 முதல் அங்கே எடுத்த சூரியப் படங்கள் நூறாண்டுக்கு மேல் தொடர்ந்து சேர்ந்து, இன்று டிஜிட்டல் வடிவில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி இருக்கின்றன. சூரியனின் ஒரு சுழற்சியே 11 ஆண்டு என்பதால், இப்படிப்பட்ட நீண்ட பதிவை எவ்வளவு காசு கொடுத்தாலும் இனி புதிதாக வாங்க முடியாது.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியபோது, அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் விண்கலம் என்ன அளக்கப் போகிறது என்பதற்குக் கிடைத்த இடம் அரைப் பத்தி. இந்திய வானியற்பியல் நிறுவனம் அதற்காகக் கட்டிய வெல்க் என்ற கருவி, சூரிய வட்டத்தை மறைத்து, 1.05 சூரிய ஆரத்திலிருந்தே கொரோனாவைப் பார்க்கிறது. அது பார்க்கும் கோடுகளில் ஒன்று 1869-ன் அந்தப் பச்சைக் கோடு. இன்னொன்று டாம்சிக்கும் மார்ட்டனும் பார்த்த 1074.7 நானோமீட்டர் கோடு. அலைகள் ஆற்றலை இறக்கும் அடிவாரத்தை, இரவு பகல் குறுக்கீடு இல்லாமல், காற்று மண்டலத்தின் கலங்கல் இல்லாமல் பார்க்க முடிகிற கருவி அது. அதன் தரவுகளையும் இஸ்ரோ பொதுவில் வைத்திருக்கிறது. ராக்கெட் கிளம்பிய நாளைப் பள்ளிகளில் திரை வைத்துக் காட்டினோம்; தரவு வெளியான நாள் எத்தனை கல்லூரி இயற்பியல் துறைகளுக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் முதுநிலை இயற்பியல் நடத்தும் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஒரு கணினியும் இணைய இணைப்பும் பைத்தான் தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தால், அந்தக் கோட்டின் அகலத்தை அளப்பதை ஒரு மாணவரின் திட்டப்பணியாகவே வைக்கலாம்.

இதனால் நமக்கு என்ன பயன் என்ற கேள்விக்கும் சுருக்கமாகப் பதில் உண்டு. 1989 மார்ச்சில் ஒரு சூரியப் புயல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் செய்தது. 2022 பிப்ரவரியில், அவ்வளவு பெரிதல்லாத ஒரு புயலிலேயே, புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் ஏறக்குறைய 40 வீழ்ந்தன. இந்தப் புயல்கள் புறப்படும் இடமும் பாயும் ஊடகமும் கொரோனாவும் சூரியக் காற்றும்தான். கொரோனா எப்படிச் சூடாகிறது என்று தெரியாமல் புயலை முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரிகளில், வெப்பத்தை நாமே ஓர் ஊகமாகத் திணிக்க வேண்டியிருக்கிறது.

ஆதித்யாவால் முடியாத ஒன்று உண்டு. அலைகள் புறப்படும் இடத்தை, அதாவது ஒளிக்கோளத்தில் காந்தக் கோடுகளின் அடிகள் ஆடுவதை, நூறு கி.மீ.க்கும் குறைவான நுணுக்கத்தில் அதனால் காண முடியாது. அதற்குத் தரையில் பெரிய தொலைநோக்கி வேண்டும். இந்தியாவில் இப்போது இருக்கும் சூரியத் தொலைநோக்கிகளில் முன்னணியில் நிற்பது உதய்ப்பூர் ஏரித் தீவில் உள்ள மாஸ்ட். அதன் துளை 50 செ.மீ. லடாக்கின் பாங்காங் ஏரிக்கரையில், மெராக் கிராமத்தருகே, கடல் மட்டத்திலிருந்து 4,200 மீட்டருக்கும் மேலே 2 மீட்டர் தேசியப் பெரிய சூரியத் தொலைநோக்கியை அமைக்கும் திட்டம் 2000-களின் பிற்பகுதியிலிருந்தே பேசப்படுகிறது. இடத்தைத் தேர்ந்து, அங்கே வானம் எவ்வளவு தெளிவு என்றும் பல ஆண்டு அளந்துவிட்டார்கள். அலை புறப்படுவதை லடாக்கிலிருந்தும், அது போய்ச் சேருவதை ஆதித்யாவிலிருந்தும் ஒரே நேரத்தில் பார்த்தால், நடுவில் எவ்வளவு காணாமல் போகிறது என்று கழித்துக் காட்டலாம். உலகில் வேறு நாடுகளும் இதற்கு முயல்கின்றன. ஆனால் இரண்டு முனைகளையும் தன் கையில் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு மிகச் சில நாடுகளுக்கே உண்டு. ஆதித்யாவுக்குத் திட்டமிட்ட ஆயுள் ஐந்து ஆண்டுகள். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கட்டி முடிக்க, பணம் ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது ஐந்தாறு ஆண்டுகள் ஆகும்.